கப்புக்குப் பதில் கிளாஸ்

எங்கள் ஊர் டீக்கடையில் பிளாஸ்டிக் கப்பை நிறுத்த வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியவள் நான்தான். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கித்தான் பேசினேன். அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வீடு வண்டியூர்ப் பக்கம். பிறந்த ஊர் மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அய்யாவும் அம்மாவும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் எங்கள் சனம் குடியிருக்கும் பகுதிக்குக் காலனி என்று பெயர். மற்றவர்கள் இருப்பது மேலத்தெரு. அய்யா முப்பது வருஷத்துக்கு மேல் மேலத்தெருக்காரர்களின் வயலில் கூலி வேலை செய்தார். நானும் தம்பியும் வேலைக்குப் போன பிறகு ஒன்றரை ஏக்கர் வாங்கினோம். அதில் இப்போது நெல் போடுகிறார். வயது எழுபத்திரண்டு.

பிளாஸ்டிக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. துணிப்பை இல்லாமல் கடைக்குப் போக மாட்டேன். ஆரப்பாளையத்தில் ஒரு ஓட்டலில் சால்னா வாங்கத் தூக்குவாளியோடு நான் நிற்கும்போது, என் கணவர் என்னைத் தெரியாதவர்போல ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வண்டியில் உட்கார்ந்திருப்பார். கைப்பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பேன். கல்லூரி கேன்டீன், பஸ் ஸ்டாண்டு, கல்யாண வீடு, எங்கே டீ குடித்தாலும் அந்த டம்ளரை நீட்டித்தான் வாங்குவேன். ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள், நீங்கள் ஒருத்தர் டம்ளர் கொண்டுபோவதால் என்ன மேடம் ஆகிவிடும் என்று. ஒவ்வொருத்தரும் அப்படி நினைத்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டேன். எல்லா ஆசிரியர்களும் சொல்லும் பதில்தான். அவள் தலையாட்டினாள், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் என் வீட்டோடும் கல்லூரியோடும் இருந்தது. ஊர்வரை போனது ஒரு மழையால்.

தை மாதம், கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற நேரம். அந்த நாளில் எங்கள் பக்கம் பனிதான் பெய்ய வேண்டும். இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. சில வருஷங்களாகவே மழை வர வேண்டிய மாதத்தில் வராமல், வரக்கூடாத மாதத்தில் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த அளவுக்கு யாரும் பார்த்ததில்லை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் ஒரு வாய்க்காலில் இறங்கி, காலனிக்குப் பின்பக்கமாக ஓடி, பஸ் ரோட்டுப் பாலத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு சிமெண்டுக் குழாய் வழியாகப் போக வேண்டும். அந்தத் தடவை அது போகவில்லை. குழாய் இரண்டும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் திரும்பிக் காலனிக்குள் ஏறியது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு நின்றது. காலனிதான் பள்ளத்தில் இருக்கிறது. மேலத்தெருவுக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

மூன்றாம் நாள் நான் போனபோது அய்யாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடப்பாரையாலும் கையாலும் குழாயைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வந்ததெல்லாம் பிளாஸ்டிக். கேரி பை, தண்ணீர் பாட்டில், குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர். எல்லாவற்றையும்விட அதிகமாக டீக் கப்பு. ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு, சேறு பிடித்து, கட்டை கட்டையாக வந்தன. டீக்கடை அந்தப் பாலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கடைக்குப் பின்னால் வாய்க்கால். கூடை நிறைந்ததும் அதில் கவிழ்த்துவிடுவார்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் நெல் சாய்ந்து முளைத்துவிட்டது. அய்யா வீட்டுக்குள் இருந்த சேற்றை வழித்துக் கொட்டிவிட்டு, உடம்பு வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமை எங்கள் ஊரில் போட்டேன். மாணவிகள் ஏழு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கி வாய்க்காலைச் சுத்தம் செய்தார்கள். கடைசி நாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. ஊராட்சித் தலைவி மேலத்தெருக்காரி. என்னோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் படித்தவள். சுத்தம் செய்தால் மட்டும் போதாது, கொட்டுவதை நிறுத்த வேண்டும், அதற்கு முதலில் டீக்கடையில் கப்பை நிறுத்திக் கண்ணாடி கிளாசுக்கு மாற வேண்டும் என்று நான் பேசினேன். தனியாள் ஒருவர் மாறினால் போதாது, ஊரே சேர்ந்து மாற வேண்டும் என்றேன். மாணவிகள் கை தட்டினார்கள். தலைவி ஒப்புக்கொண்டாள். டீக்கடைக்காரர் எழுந்து, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கிளாஸ்தான் என்றார். அவர் கொஞ்சமாவது தயங்குவார் என்று எதிர்பார்த்து இரண்டு மூன்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. மேலத்தெருக்காரர்கள் பலர் அது நல்ல முடிவு என்றார்கள். காலனி ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கமிருந்து சத்தம் இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் கூட்டங்களில் அவர்கள் பேசாமல் இருப்பது எனக்குப் பழகிய விஷயம்.

கல்லூரிக்கு முகாம் அறிக்கை எழுதினேன். ஒரு கிராமத்தில் பிளாஸ்டிக் கப் முற்றிலும் ஒழிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. முதல்வர் அந்த வரியை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஊருக்குப் போனேன். ஏழு மணி. அய்யா வீட்டில் இருந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்த்த நினைவே எனக்கு இல்லை. விடிந்ததும் வயலைப் பார்த்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போவார். ஒரு டீ. பேப்பரை யாராவது சத்தமாக வாசிப்பதைக் கேட்பார். எட்டு மணிக்குத்தான் வீடு. இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் வழக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். இல்லை என்றார். கடைக்குப் போகவில்லையா என்றேன்.

"வீட்லயே குடிச்சுக்கிறேன் தாயி" என்றார். எழுந்து மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கிளாஸ் வந்துருச்சுல்ல. அதான் போகல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாமல் போகலாம். எனக்கு உடனே புரிந்திருக்க வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது அந்தக் கடை இப்போதுள்ளவரின் தகப்பனாருடையது. கண்ணாடி கிளாஸ் மேலத்தெருக்காரர்களுக்கு. அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பார்கள். எங்களுக்கு அலுமினிய டம்ளர். கடைக்கு வெளியே வேப்பமரத்தில் அடித்த ஆணிகளில் தொங்கும். நாமே எடுத்து நீட்ட வேண்டும், அவர் மேலிருந்து ஊற்றுவார், மரத்தடியில் குத்தவைத்துக் குடித்துவிட்டு நாமே கழுவி மாட்ட வேண்டும். அந்தப் பழைய கடைக்காரர் அய்யாவைவிட வயதில் சின்னவர். பேர் சொல்லி, வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அய்யாவோடு போயிருந்தேன். பலகையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸ்கள் வெயிலில் பளபளவென்று இருந்தன. ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன். அய்யா என் புறங்கையில் ஓங்கி அடித்தார். அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்று எனக்குக் காரணம் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறும் சாப்பிடவில்லை என்று அம்மா பின்னாளில் சொன்னார்.

நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வருஷங்களில் யாரோ புகார் எழுதிப் போட்டு, அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அலுமினிய டம்ளர்கள் மரத்திலிருந்து காணாமல் போயின. ஆனால் கிளாஸ் கிடைக்கவில்லை. காலனி ஆட்கள் போனால் பால் தீர்ந்துவிட்டது என்பார். பிறகுதான் பிளாஸ்டிக் கப்பு வந்தது. வெள்ளையாக, மெல்லிசாக, தொட்டாலே நசுங்குகிற கப்பு. முதலில் எங்களுக்கு மட்டும் கப்பு, அவர்களுக்குக் கிளாஸ். பஸ் நிற்க ஆரம்பித்துக் கூட்டம் கூடியதும் கழுவ ஆளில்லை என்று எல்லாருக்குமே கப்பாக்கிவிட்டார். யாரும் போராடவில்லை, யாரும் மனம் மாறவில்லை. குடித்துவிட்டு எறிகிற பொருள் வந்தது, அவ்வளவுதான். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டியதில்லை என்பதால் தனி டம்ளருக்குத் தேவையில்லாமல் போயிற்று. எல்லாருக்கும் கப்பு வந்த அன்றைக்கு அய்யா அடுத்தடுத்து இரண்டு டீ குடித்ததாக அம்மா சொன்னார்.

பிளாஸ்டிக் கப்பு போய்ப் பேப்பர்க் கப்பு வந்தது. அதற்குள்ளும் பிளாஸ்டிக் பூச்சுதான். அய்யாவுக்கு அதெல்லாம் ஒன்றுதான். அவருக்குத் தெரிந்தது, தானும் மேலத்தெருக்காரரும் ஒரே கூடையில் எறிகிறோம் என்பது.

அந்தக் கூடையைத்தான் நான் ஊர்க்கூட்டத்தில் எடுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கடைக்குப் போனேன். பெஞ்சில் மேலத்தெருக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கடைக்காரர் "வாங்க டீச்சர்" என்றார். ஒரு டீ சொல்லிவிட்டுப் பழக்கத்தில் கைப்பையைத் திறந்து என் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன்.

"அதுலயே ஊத்திருவமா டீச்சர்?" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்று பிறகு யோசித்திருக்கிறேன். அப்படி இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஊற்றும்போது கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகத் தூக்கினாரோ என்றுகூட அந்த நேரத்தில் பார்த்தேன். டீ ஆற்றுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தூக்குவார்கள்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் கவனித்தேன். பாய்லர் பக்கத்துப் பலகையில் புதுக் கண்ணாடி கிளாஸ்கள் இருந்தன. கடையின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு மேல், ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஏறக்குறைய என் கையில் இருந்ததைப் போன்றவை. அந்த நேரத்தில் அய்யாவின் சித்தப்பா மகன் ஒருவர் வந்தார். கொத்தனார். எனக்குச் சித்தப்பா முறை. மதுரைக்கு வேலைக்குப் போகிற அவசரம். கிளாஸ் பக்கம் பார்க்கவேயில்லை. நேரே ஓரத்துத் தட்டுக்குப் போய் ஒரு டம்ளரை எடுத்து நீட்டி, டீயை வாங்கி, மரத்தடியில் நின்று குடித்துவிட்டு, தொட்டியில் அலசிக் கவிழ்த்துவிட்டுப் பஸ் ஏறினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைக்காரரிடம் அது எதற்கு என்று கேட்டேன்.

"ரஷ்ஷுக்குப் பத்தலன்னு வாங்கிப் போட்டேன் டீச்சர். யாரு வேணாலும் எதுல வேணாலும் குடிக்கலாம். நான் யாரையும் எதுவும் சொன்னதே இல்ல. அவங்களா எடுத்துக்கிறாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சண்டை போடுவதற்கு ஒரு வார்த்தைகூட அவர் மிச்சம் வைக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். என் டம்ளரை அலசாமலே பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைவியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. எழுதிப் போட்டால் விசாரிக்க வருவார்கள், வந்தால் அவர் சொன்னதையே சொல்வார், உன் சித்தப்பாவும் நானாகத்தான் எடுத்தேன் என்று சொல்வார் என்றாள். அவள் சொன்னது சரி. எவர்சில்வர் டம்ளர்களைக் கடையிலிருந்து அகற்றச் சொல்லி உத்தரவு போட முடியாதா என்றேன். போட்டால் நாளைக்கே பழையபடி கப்பு வந்துவிடும் என்றாள்.

அன்று மத்தியானம் காலனியில் சமுதாயக்கூடத்து வாசலில் ஒரு கூட்டம் போட்டோம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொல்லி, கப்பை நிறுத்தச் சொன்னபோது இதை யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். சிலர் பழையபடி கப்பே வரட்டும், யாருக்கும் தொந்தரவில்லை என்றார்கள். கொத்தனார் சித்தப்பா, ஒரு டீக்கு எதற்கு இம்புட்டுப் பேச்சு, நேரத்துக்குக் கிடைத்தால் போதும் என்றார். மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி, புகார் எழுதிப் போடுவோம், நானே எழுதுகிறேன் என்றாள். எழுதினால் ஊருக்குள் வேலைவெட்டி கிடைக்காது என்று அவளுடைய அம்மாவே தடுத்தார். இப்படி ஒரு மணி நேரம் போயிற்று.

அய்யா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தபடியே பேசினார்.

"கப்பு வேணாம். அடச்சுக்கிட்டா நம்ம வீட்டுக்குள்ளதான் தண்ணி ஏறுது, அவுங்க வீட்டுக்குள்ள ஏறல. கிளாஸ் இருக்கட்டும். நாமளும் கிளாஸவே எடுப்போம்."

யார் எடுப்பது என்று யாரோ கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை.

"அதத்தான் சொல்றேன். மொத நாளு நான் போனேன். பலக முன்னாடி நின்னேன். எனக்குக் கை போகல. ஒருத்தரும் தடுக்கல, கை போகல. திரும்பி வந்துட்டேன். தனியாப் போனா யாருக்கும் போகாது. எல்லாரும் சேந்து போவோம்."

கிளாஸ் வந்த முதல் நாள் அவர் கடைக்குப் போய்த் திரும்பி வந்தது அம்மாவுக்கும் தெரியாது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் புறங்கை நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்குமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். காலை ஆறரைக்கு முப்பது பேருக்குக் குறையாமல் கிளம்பினோம். பெண்களும் வந்தார்கள். என்னைத் தவிர எங்கள் பெண்கள் அந்தக் கடையில் டீ குடித்ததே கிடையாது. கோஷம் போடக்கூடாது, சண்டை இழுக்கக்கூடாது என்று நர்ஸ் பெண் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நூறடி தூரம்தான். எல்லாரும் பேசாமல் நடந்தது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பால் சட்டியில் கரண்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அய்யா முன்னால் போனார். பலகையிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தார். அடுத்து நர்ஸ் பெண் எடுத்தாள், பிறகு அம்மா, பிறகு நான். பின்னால் வந்தவர்கள் மளமளவென்று எடுத்தார்கள். கொத்தனார் சித்தப்பாவும் எடுத்தார். ஒரு நிமிஷத்தில் பலகை காலியாகிவிட்டது.

"இருங்க, இருங்க. வரிசையா வாங்க" என்றார் கடைக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை, வியாபாரம் நெருக்கும்போது வருகிற பதற்றம்தான் இருந்தது. ஊற்றினார். கிளாஸ் பற்றாமல், பெஞ்சில் இருந்தவர்கள் குடித்து வைத்த கிளாஸ்களைக் கழுவி எங்களுக்குக் கொடுத்தார். நாங்கள் குடித்து வைத்ததைக் கழுவி அடுத்து வந்தவர்களுக்குக் கொடுத்தார். வேறு வழி இருக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து அய்யாவுக்கு இடம் விட்டார். அய்யா உட்காரவில்லை. நின்றபடியே குடித்தார். கப்பைவிடக் கிளாஸ் அதிகம் சுட்டது, துண்டின் நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். குடித்து முடித்ததும் பலகையில் வைத்தார், கழுவவில்லை. எல்லாரும் அப்படியே வைத்தோம்.

அவ்வளவுதான் நடந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். டீயில் சீனி அதிகம் என்று அம்மா சொன்னார்.

ஒரு வாரம் அப்படியே கும்பலாகப் போனார்கள். பிறகு நான்கு பேர், ஐந்து பேர். பிறகு தனித்தனியாகவும் போக முடிந்தது. எவர்சில்வர் டம்ளர் வைத்த தட்டு ஓரத்திலிருந்து மறைந்தது, கடைக்காரர் அதை எங்கே எடுத்து வைத்தார் என்று தெரியாது. அய்யா தினமும் போகிறார். கடைக்காரரின் தகப்பனார் வாடா போடா என்பாரே, இவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டீயா என்று மட்டும் கேட்பார், அது போதும் என்றார்.

இதை இங்கே நிறுத்தினால் கல்லூரி அறிக்கைபோல் ஆகிவிடும். மேலத்தெருவில் சில வீட்டுக்காரர்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். டீயை நிறுத்தவில்லை. ஆள் விட்டுப் பார்சல் வாங்க ஆரம்பித்தார்கள். பார்சல் என்றால் மெல்லிய பிளாஸ்டிக் கவரில் டீயை ஊற்றி, மேலே நூல் சுற்றிக் கட்டி, அதை இன்னொரு கேரி பையில் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் குடிக்க இரண்டு பேப்பர்க் கப்பும் கூட வைப்பார்கள். முன்பு ஒரு டீக்கு ஒரு கப்பு என்றால், இப்போது ஒரு டீக்கு அதைவிடக் கூடுதல் குப்பை. தலைவியிடம் சொன்னேன். பாத்திரம் கொண்டு வந்தால்தான் பார்சல் என்று அவள் ஒரு போர்டு எழுதிக் கடையில் மாட்டினாள். சில பேர் தூக்குவாளி கொண்டுவர ஆரம்பித்தார்கள், பலர் கொண்டுவரவில்லை. அதையும் தலைவியிடம் போய்க் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரே கவர்லதான் வாங்குறாரு. நீ எங்கிட்ட வந்து கேக்குற" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்த முகாம் அறிக்கையை நான் திருத்தவில்லை. அதில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்துவதானால் என்ன எழுதுவது என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்தேன். கப்பு குறைந்தது, கவர் கூடியது என்று எழுதலாம். ஏன் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. டம்ளரைக் கைப்பையில் இன்னும் வைத்திருக்கிறேன். மதுரையில் எல்லா இடத்திலும் எடுக்கிறேன். எங்கள் ஊர்க் கடையில் மட்டும் எடுப்பதில்லை. முன்பு கேட்ட மாணவி இப்போது கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. ஒரே டம்ளர் ஒரு ஊரில் ஒன்றாகவும் இன்னொரு ஊரில் வேறொன்றாகவும் இருக்கிறது என்பதை வகுப்பில் எப்படிச் சொல்வது?

அடுத்த ஐப்பசியில் மறுபடி பெருமழை. இந்தத் தடவை காலனி ஆட்கள் முன்கூட்டியே வாய்க்காலில் இறங்கிப் பாலத்துக் குழாயைக் குத்திவிட்டிருந்தார்கள். ஊராட்சி வேலையாக மேலத்தெருவிலிருந்தும் மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் மழை விட்ட மறுநாள் போனேன். கரையில் குவித்து வைத்திருந்த குப்பையில் டீக் கப்பு கொஞ்சம்தான் இருந்தது. நூல் கட்டிய கவர்கள் நிறைய இருந்தன. தண்ணீர் எங்கள் வாசற்படி வரை வந்து நின்று இறங்கியிருக்கிறது. மழை குறைவா, குப்பை குறைவா, குழாயைக் குத்திவிட்டதாலா என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். அய்யா வரப்பைப் பார்க்க மண்வெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நாத்து தப்பிச்சிருச்சு" என்றார். "வாரியா, பாத்துட்டு வருவோம்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.